எந்தக் கடிகாரம் சொன்ன தேதி?

தாராவி 90 அடி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், செங்குத்தான இரும்பு ஏணி ஏறிப் போனால் அண்ணாச்சியின் ஆபீஸ். கீழே தோல் பைகள் தைக்கும் பட்டறை. மேலே ஒரு மேஜை, ஒரு பழைய கம்ப்யூட்டர், திருநெல்வேலி ஜவுளிக்கடை ஒன்றின் காலண்டர், பத்து நிமிஷம் வேகமாக ஓடும் சுவர்க் கடிகாரம். மும்பையில் பல வீடுகளில் கடிகாரத்தை இப்படித்தான் வைத்திருப்பார்கள். ரயிலைத் தவறவிடக்கூடாதே!

சில வருஷங்களுக்கு முன், ஜனவரிக் கடைசியில், செம்பூரில் இருக்கும் எனக்கு அவரிடமிருந்து போன் வந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் அவர் என்னைக் கூப்பிட மாட்டார். அதற்கு வேறு பையன் இருக்கிறான். இது வேறு விஷயம்.

"நான் பொய் சொல்லுதேனாம் சார். ஒருதரம் வந்து பாத்துட்டுப் போங்க."

விஷயம் இதுதான். ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்குப் பரிசாகக் கொடுக்க 300 தோல் பைகளுக்கு விலை கேட்டிருந்தது. ஜனவரி 20-ம் தேதி மாலை ஆறு மணிக்குள் இமெயிலில் விலைப் பட்டியல் போய்ச் சேரவேண்டும். அண்ணாச்சி 20-ம் தேதி காலை 11.12-க்கு அனுப்பினார். பக்கத்தில் மகனும் இருந்தான். ஒரு வாரம் கழித்துப் பதில்: 'தங்கள் கடிதம் 21-ம் தேதி, நள்ளிரவு தாண்டி 12.42 என்று தேதியிடப்பட்டுள்ளது. காலக்கெடு முடிந்துவிட்டதால் பரிசீலிக்க இயலவில்லை.' போன் செய்து கேட்டதற்கு, கொள்முதல் அதிகாரி மரியாதையாகவே சொன்னாராம்: "நாங்கள் போட்ட தேதி இல்லை சார் இது. உங்கள் கடிதத்திலேயே இருக்கிற தேதி."

முன்னூறு பைகள் போனது ஒரு கஷ்டம். முப்பது வருஷமாகச் சொன்ன நாளில் சரக்குக் கொடுத்த மனிதரை, ராத்திரி முழித்திருந்து மெயில் அனுப்பிவிட்டுக் காலையில் அனுப்பியதாகக் கதை சொல்கிறவர் என்று நினைத்துவிட்டார்களே, அது பெரிய கஷ்டம்.

முதலில் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்தேன். என் கைக்கடிகாரத்தோடு நிமிஷ சுத்தமாக ஒத்துப்போனது. தேதியும் சரி. 'அதான் சொன்னேனே' என்பதுபோல அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கடிகாரத்தின் மேல் கிளிக் செய்து, உள்ளே 'டைம் ஸோன்' என்ற வரிக்குப் போனதும் குட்டு வெளிப்பட்டது. தாராவியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர், தான் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது!

இமெயில் புரோகிராம் கடிதத்தின் தலையில் தேதி எழுதும்போது, மணியை மட்டும் எழுதுவதில்லை. அந்த மணி எந்த ஊர் மணி என்பதையும் சேர்த்து எழுதும். இந்திய நேரம் என்றால் கடைசியில் +0530 என்று இருக்கும். உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் என்று அர்த்தம். கலிபோர்னியா என்றால், குளிர்காலத்தில் -0800. அண்ணாச்சியின் கடிதம் '20 ஜனவரி, 11.12, -0800' என்று கிளம்பியிருக்கிறது. வாங்கிய கம்பெனியின் புரோகிராம் அதை நம்பிக் கணக்குப் போட்டது. கலிபோர்னியாவில் காலை 11.12 என்றால், பொது நேரத்துக்கு எட்டு மணி, அங்கிருந்து இந்தியாவுக்கு ஐந்தரை, ஆகப் பதின்மூன்றரை மணி கூட்டு. விடை, 21-ம் தேதி, நள்ளிரவு 12.42. கணக்கில் பிழையே இல்லை. பிழை, அது தொடங்கிய இடத்தில்.

இத்தனை நாள் ஏன் யாரும் கவனிக்கவில்லை? குளிர்காலத்தில் காலை பத்தரைக்கு முன் அனுப்பியவை அதே தேதியிலேயே போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு அனுப்பியவை மறுநாள் தேதியில் போயின. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி மாற்றுவதால் இந்த எல்லை பதினொன்றரை. பில்லுக்கும் சாம்பிளுக்கும் யார் மணி பார்க்கிறார்கள்? கெடு வைத்த நாளில்தான் குறை வெளியே வந்தது.

ரிப்பேர் பையனையும் குற்றம் சொல்ல முடியாது. விண்டோஸை மறுபடி ஏற்றும்போது நாமாக மாற்றாவிட்டால், பல சமயம் அது அமெரிக்கப் பசிபிக் நேரத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். கம்ப்யூட்டர் இன்டர்நெட்டைக் கேட்டுத் தானாகவே மணியைத் திருத்திக்கொள்ளும்போதெல்லாம் அது கலிபோர்னியா மணிக்கு ஓடியிருக்கிறது. அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானாகத் திருத்தும் வசதியை அணைத்து, முள்ளைக் கையால் திருப்பி வைத்துவிட்டான். முகம் சரியாகிவிட்டது. உள்ளே ஊர் மாறவில்லை.

வைத்தியம் இரண்டே கிளிக். டைம் ஸோன் பட்டியலில் நம் வரியைத் தேர்ந்தெடுத்தேன். மணி உடனே பதின்மூன்றரை மணி முன்னால் தாவியது. அண்ணாச்சி பயந்துவிட்டார். தானாகத் திருத்தும் வசதியைத் திரும்பப் போட்டதும் மணி சரியான இடத்தில் வந்து நின்றது. இந்த வரிசை முக்கியம். முதலில் ஊர், பிறகு மணி. ஊர் தப்பாக இருக்கும்போது மணியைத் திருத்தினால், ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் சொன்னதாகும்.

அந்தப் பட்டியலில் நம் வரி எப்படி எழுதியிருக்கிறது தெரியுமா? 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி.' நான்கு ஊர்களும் ஒரே வரியில் சமாதானமாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு காலத்தில் இவற்றில் மூன்றுக்குத் தனித்தனி மணி இருந்தது. பம்பாய் நேரம் கிரீன்விச்சைவிட 4 மணி 51 நிமிஷம் முன்னால். மதராஸ் 5 மணி 21 நிமிஷம். கல்கத்தா 5 மணி 53 நிமிஷம். சூரியன் கிழக்கே முன்னால் உதிக்கிறது, அவ்வளவுதான் காரணம். மதராஸ் வானியல் ஆய்வுக்கூடத்து நேரத்தில்தான் இந்திய ரயில்கள் ஓடின. எனவே பம்பாய்வாசி ரயிலைப் பிடிக்க ஒரு மணியும், ஆபீஸுக்குப் போக ஒரு மணியும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. 1881-ல் கவர்னர் ஜேம்ஸ் பெர்குசன் மதராஸ் நேரத்தைப் பம்பாய்க்கும் கொண்டுவரப் பார்த்தார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. 1883-ல் கைவிட நேர்ந்தது.

1906 ஜனவரி 1 முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்று அறிவித்தார்கள். பம்பாய் ஒரே இரவில் 39 நிமிஷம் முன்னால் போகவேண்டும். அந்த மாதமே பஞ்சாலைத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். விடியுமுன் வேலைக்கு வரவேண்டியவனுக்கு அந்த 39 நிமிஷம் வெறும் எண் அல்ல, தூக்கம். அரசாங்க ஆபீஸ்களில் ஒரு மணி, நகரசபையில் ஒரு மணி என்று இரட்டைக் கடிகாரமாகவே பம்பாய் வாழ்ந்தது. நாடு சுதந்திரம் அடைந்து, 1950-களில்தான் பம்பாய் நேரம் மறைந்தது. கல்கத்தா 1948-ல் விட்டுக்கொடுத்தது.

அந்தக் காலத்துப் பம்பாயில் 'பத்து மணிக்கு வருகிறேன்' என்று யாராவது சொன்னால், 'எந்தப் பத்து மணி?' என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, அவசியம். இமெயில் விஷயத்தில் நாம் மறந்துவிட்ட கேள்வி அதுதான். கடிதத்தில் தேதி இருக்கிறது, சரி. எந்தக் கடிகாரம் சொன்ன தேதி?

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. ஆனால் ஏற்கெனவே போய்விட்ட கடிதம் திருந்தாது. கடிகாரத்தை இன்று திருத்தினால், நாளை எழுதும் கடிதம்தான் சரியான தேதியோடு போகும். அண்ணாச்சியின் பெயரை மீட்க வேறு சாட்சி வேண்டும்.

அன்று மாலை மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம், ரயில்வே மெயில் சர்வீஸில் தபால் பிரித்து ரிடையரான நண்பர் ஒருவரோடு காபி சாப்பிட்டேன். கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "இதுல என்ன குழப்பம்? லெட்டர் தலைப்புல எழுதறது எழுதறவனோட தேதி. அவன் இஷ்டம். முத்திரைதான் ஆபீஸோட தேதி. போட்ட ஊர்ல ஒண்ணு, போய்ச் சேர்ந்த ஊர்ல ஒண்ணு. தகராறுன்னு வந்தா நாங்க லெட்டரைப் பிரிச்சே பார்க்கமாட்டோம். கவரைத்தான் திருப்பிப் பார்ப்போம்."

இமெயிலுக்கும் கவர் உண்டு. நாம்தான் அதைப் பார்ப்பதில்லை.

அனுப்புகிறவரின் கம்ப்யூட்டர் எழுதும் வரிக்கு 'டேட்' என்று பெயர். அது கடிதத் தலைப்பு. அதற்குப் பிறகு, வழியில் கை மாறும் ஒவ்வொரு சர்வரும் தன் கடிகாரப்படி 'ரிசீவ்டு' என்று ஒரு முத்திரையைக் குத்தி அனுப்புகிறது. புது முத்திரை எப்போதும் பழையதன் மேலே விழும். ஆகவே கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். அடியில் இருப்பது புறப்பட்ட இடம். உச்சியில் இருப்பது வந்து சேர்ந்த இடம். கீழே உள்ள வரிகளை ஏமாற்றுக்காரர்கள் பொய்யாகச் சேர்க்க முடியும். உங்கள் சொந்த சர்வர் குத்திய உச்சி முத்திரையை அனுப்பியவர் தொட முடியாது.

பார்ப்பது எப்படி? தண்டர்பேர்டில் கடிதத்தைத் திறந்து கன்ட்ரோல்-யு அழுத்தினால் மொத்தமும் கொட்டும். ஜிமெயிலில் கடிதத்தின் மூன்று புள்ளிகளைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' என்பதைப் பார்க்கவேண்டும். பழைய அவுட்லுக்கில் கடிதத்தைத் தனியாகத் திறந்து, ஃபைல், பிறகு ப்ராப்பர்ட்டீஸ்.

முத்திரையைப் படிக்கும்போதும் கடைசி ஐந்து எழுத்தை விடக்கூடாது. சில பெரிய சர்வர்கள், இந்தியாவிலிருந்து இந்தியாவுக்குப் போகும் கடிதத்தில்கூட அமெரிக்க மணியைத்தான் குத்துகின்றன. '19 ஜனவரி, 21.42, -0800' என்று இருந்தால் 19-ம் தேதி போல இருக்கும். கூட்டிப் பாருங்கள். நம் ஊரில் அது 20-ம் தேதி காலை 11.12. அண்ணாச்சியின் கடிதத்தில் இருந்த பொய்யான தேதியிலும் இதே -0800 இருந்தது. வித்தியாசம், இந்த சர்வர் மணியையும் ஊரையும் சேர்த்தே சரியாகச் சொல்கிறது. பட்டறைக் கம்ப்யூட்டர் மும்பை மணிக்குக் கலிபோர்னியா ஊர்ப்பெயரை ஒட்டிவிட்டது.

சட்டமும் கவரைத்தான் பார்க்கச் சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பதின்மூன்றாவது பிரிவு. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, ஒரு மின்னணுக் கடிதம் அனுப்பியவரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள கம்ப்யூட்டருக்குள் நுழையும் நேரம்தான் அது அனுப்பப்பட்ட நேரம். பெறுகிறவர் இந்த முகவரிக்கு அனுப்பு என்று குறிப்பிட்டிருந்தால், அதற்குள் நுழையும் நேரம் பெறப்பட்ட நேரம். அனுப்பியவரின் மேஜைக் கடிகாரம் என்ன சொன்னது என்பதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

கோர்ட்டு வரை போகிற விவகாரம் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இமெயிலை அச்செடுத்துக் காட்டினால் மட்டும் போதாது. முறையான சான்றிதழ் இணைக்கவேண்டும் என்று 2014-லும் மறுபடி 2020-லும் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவு இருக்கிறது. எனவே தகராறுக்குரிய கடிதத்தை அழிக்காதீர்கள். சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் பழைய முத்திரைகள் கழன்றுவிடும். மூலக் கடிதத்தை ஃபைலாகச் சேமித்து, இணைப்பாக அனுப்புங்கள்.

நாங்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. பத்து வரியில் ஒரு கடிதம் எழுதினோம். 'எங்கள் கம்ப்யூட்டரின் டைம் ஸோன் தப்பாக இருந்தது. அந்தத் தவறு எங்களுடையது. ஆனால் கடிதம் உங்கள் சர்வரை எப்போது அடைந்தது என்பது உங்கள் முத்திரையிலேயே இருக்கும். தயவுசெய்து அதைப் பார்க்கவும்.' குற்றம் சாட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. நான்காம் நாள் பதில் வந்தது. பார்த்தார்கள். 20-ம் தேதி காலை 11.12-க்கே கடிதம் வந்திருக்கிறது. கெடுவுக்குள் வந்ததாகப் பதிவைத் திருத்திவிட்டார்கள். ஆனால் ஆர்டர் ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, வருந்துகிறோம்.

பைகள் போனது போனதுதான். அண்ணாச்சி அந்தப் பதிலை அச்செடுத்துக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். "வியாபாரம் நாளைக்கு வரும் சார். பேரு போனா வராது பாத்துக்கிடுங்க." அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி மறுபடி விலை கேட்டது. கிடைத்ததா என்பது விலை சம்பந்தப்பட்ட வேறு கதை.

இமெயில் தேதிக்கு வரும் மற்ற வியாதிகளையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இதில் ஒன்று வந்தே இருக்கும்.

கடிதத்தில் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று இருந்தால், பயப்படாதீர்கள். யூனிக்ஸ் வழிவந்த கம்ப்யூட்டர்கள் காலத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்ய நொடி அது. உலகப் பொது நேரப்படி நள்ளிரவு, நம் ஊரில் ஐந்தரை. கடிதத்தில் தேதி வரியே இல்லை அல்லது புரோகிராமுக்குப் புரியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் மணி பல வருஷம் பின்னால் போய்விடுகிறது, இமெயில் உள்ளேயே விடமாட்டேன் என்கிறது என்றால், மதர்போர்டில் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். சி.ஆர்.2032 என்று எழுதியிருக்கும். அது தீர்ந்துவிட்டது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். லாமிங்டன் ரோட்டில் கேட்டால் மசால் தோசை விலைக்குக் கிடைக்கும். கணினி புதிதாக வாங்கச் சொல்லும் மெக்கானிக்கை நம்பவேண்டாம்.

புதுக் கம்ப்யூட்டருக்கோ புது சர்வருக்கோ மாறியபின் பத்து வருஷத்துக் கடிதங்கள் எல்லாம் ஒரே தேதியைக் காட்டினால், நீங்கள் பார்ப்பது கடிதத்தின் தேதி அல்ல, அதைப் புது அலமாரியில் வைத்த தேதி. பட்டியலில் எந்தத் தேதியைக் காட்டவேண்டும் என்று மாற்றிப் பாருங்கள். கடிதத்துக்குள் பழைய தேதி பத்திரமாகவே இருக்கும். அதைச் சரிபார்க்கும்வரை பழைய பெட்டியை அழிக்கவேண்டாம்.

மார்ச் நாலா, ஏப்ரல் மூன்றா என்று குழம்பினால் அது அமெரிக்கப் பழக்கம். மாதத்தை முன்னால் எழுதுகிறார்கள். கம்ப்யூட்டரில் நாட்டை இந்தியா என்று வைத்தால் தீர்ந்தது. வருங்காலத் தேதியோடு ஒரு கடிதம் எப்போதும் பட்டியலின் உச்சியிலேயே நின்றால், பெரும்பாலும் குப்பை விளம்பரம். கண்ணில் படுவதற்காகவே தேதியை மாற்றியிருப்பார்கள். வந்துசேர்ந்த நேரப்படி அடுக்கச் சொல்லுங்கள்.

இன்று இந்தியாவின் அதிகாரபூர்வமான மணி டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்து அணுக் கடிகாரங்களிலிருந்து வருகிறது. நிறுவனங்களும் சர்வர் நடத்துகிறவர்களும் தங்கள் கடிகாரங்களை அதனோடு இணைத்துக்கொள்ளவேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவே போட்டது. சர்வர்களின் முத்திரையை நம்பலாம் என்பதற்கு இது ஒரு பலம். ஆனால் கடிதத் தலைப்பில் தேதி எழுதுவது இன்னும் நம் மேஜைக் கம்ப்யூட்டர்தான். அதை யாரும் வந்து சோதிப்பதில்லை. முக்கியமான கடிதம் அனுப்புமுன் உங்களுக்கே ஒன்று அனுப்பி, கவரைத் திருப்பிப் பாருங்கள். கடைசியில் +0530 இருக்கிறதா? போதும்.

போன மாதம் தாராவிப் பக்கம் போனபோது ஏணி ஏறினேன். கம்ப்யூட்டர் மணி சுத்தமாக இருந்தது. சுவர்க் கடிகாரம் வழக்கம்போலப் பத்து நிமிஷம் வேகம். அதையும் திருத்திவிடட்டுமா என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும் சார்," என்றார் அண்ணாச்சி. "அது எவ்வளவு பொய் சொல்லுதுன்னு எனக்குத் தெரியும்லா."